நூறு மீற்றர்

விதி இவ்வளவுதான்:
பந்தயம் பிடிக்கும் இடத்துக்கும் பாடசாலைக்கும் இடையே
நூறு மீற்றராவது இருக்க வேண்டும்.
மலையில் அதை எப்படி அளப்பது என்று
எழுதியவருக்குத் தோன்றவில்லை.
அவருடைய மேசை சமதரையில் இருந்திருக்கும்.

கிளென்வீன் சந்தியில்
பள்ளிக்கூடம் மேலே, புக்கி கீழே.
நடுவில் வளைந்து வளைந்து இருநூற்று முப்பது படி,
யாருடையதோ கக்கூஸ் கூரை,
அதன்மேல் படர்ந்த சவ்சவ் கொடி.
காகத்துக்கு ஒரு தூரம்,
பிள்ளைகளுக்கு ஒரு தூரம்.

கோப்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.
காற்றோட்டம் போதும் என்று சுகாதாரப் பரிசோதகர்.
ஆட்சேபனை இல்லை என்று பொலிஸ்.
குணசோம முதலாளியின் வரைபடம்:
ஒரு கவுண்டர், இரண்டு ஜன்னல், ஐந்து டீவி.
கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு
(போன வருசத்துக் காசில்தான்
குப்பை ட்ரக்டருக்கு டயர் போட்டோம்).
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கொப்பித் தாள்.
முப்பத்தெட்டுப் பெண்களின் கையெழுத்து.
“சம்பளம் பத்தாந் திகதி.
பதினோராந் திகதி வீட்டில் மாவு இல்லை.”
‘மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கியவர்கள்
‘இப்படிக்கு’ போட மறந்துவிட்டார்கள்.

சபையில் நீள நாடா ஒன்றுதான்.
அதுவும் சரியாக நூறு மீற்றர்.
ஆகையால் கணக்கே வேண்டாம்:
முனை கதவைத் தொட்டால் அனுமதி இல்லை,
தொடாவிட்டால் உண்டு.

முனையைப் பிடிக்க வந்தவன்
குப்பை வண்டித் தொழிலாளி சவரியான்.
சட்டைப் பையில் மஞ்சள் துண்டொன்று
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
நான் கண்டதை அவனும் கண்டான்.
“இன்னிக்கு கெம்டன்ல மொத ஓட்டம் மிஸ்.
அங்க ராவெல்லாம் மழையாம்.
ஈரத் தரைன்னா அந்தப் பொட்டைக் குதிரைதான்.”
இங்கும் ராவெல்லாம் மழைதான்.
உன் லயத்துக் கூரை ஒழுகவில்லையா என்று
கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.

முதலில் படிவழி.
நூற்றுத் தொண்ணூறாம் படியில் நாடா தீர்ந்துபோனது.
“பார்த்தீங்களா,” என்றார் தவிசாளர், தொலைபேசியில்,
“புள்ளைங்க என்ன, பறந்தா போவுதுங்க?”
அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது,
அதுதான் எரிச்சல்.

பிறகு நேர்வழி.
நான் பள்ளிக்கூட கேட்டில் ரீலோடு நின்றேன்.
சவரியான் முனையோடு
சவ்சவ் கொடிக்குள் இறங்கினான்.
நாலாம் வகுப்பு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.
பனி கீழிருந்து ஏறி வந்து
முதலில் அவன் காலை எடுத்தது,
பிறகு முதுகை, பிறகு தொப்பியை.
அதன்பின் அவன் வெறும் இழுவை மட்டும்.

நாடா தொய்ந்தால் எட்டாது.
விறைத்தால் எட்டும்.
ஒரு விரல் தளர்த்தினால் போதும் அவனுக்கு,
ஒருவருக்கும் தெரியாது,
சாயந்தரம் கடை திறந்திருக்கும்.
ரீல் சுற்றிச் சுற்றி
வெறும் தண்டாகி நின்றது.
பின் ஒரு வெட்டு. என் மணிக்கட்டு கேட்டுக் கம்பியில் இடித்தது.
எண்களெல்லாம் நடுங்கின.

“தொட்டிருச்சு மிஸ்!”

பனிக்குள்ளிருந்து குரல் மட்டும்.
கதவும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை.
அரசாங்கத்திடம் அன்றைக்கு இருந்த ஒரே சாட்சி
பையில் மஞ்சள் துண்டோடு
கீழே நின்றவன்.

படிவத்தில் ‘தூரம்’ என்ற கட்டம்
தீப்பெட்டி அளவு.
அதற்குள் இரண்டையும் எழுதினேன்,
படிவழி, நேர்வழி,
எழுத்து கோட்டைத் தாண்டியது.
கூட்டம் வியாழக்கிழமை.
முதலாளியின் மைத்துனரும் ஓர் உறுப்பினர்.

ஆறரை பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது
எதிரே ஐந்து திரையிலும் பச்சைப் புல்,
அங்கே மத்தியான வெளிச்சம்.
சவரியான் பின்வரிசையில்,
நனைந்த சட்டையோடு, கழுத்தை நீட்டியபடி.
மணிக்கட்டில் நாடாவின் சிவந்த தடம்
எனக்கு மட்டும்தானா என்று பார்த்தேன்.
அதற்குள் குதிரைகளை விட்டுவிட்டார்கள்.